பார்வோனிடம் விடுப்பு கேட்ட மகன்

(இறந்த நம்பிக்கையாளர் அனைவரையும் நினைவுகூரும் நவம்பர் மாதத்தையொட்டி, 2022ஆம் ஆண்டு வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வாசகம்: தொடக்கநூல் 50:1-14)



நவம்பர் 2ஆம் தேதி சாயங்காலம் எங்கள் நைனார்பாளையம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு நீங்கள் வந்திருந்தால் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். முந்தின வாரமே முள்ளும் புல்லும் வெட்டி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, மண்மேட்டைச் சரிசெய்து வைத்திருப்பார்கள். சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. இதெல்லாம் தாத்தா காலத்திலிருந்து உள்ளது. புதிதாக வந்திருப்பது கைப்பேசி. பல கல்லறைகளின் ஓரத்தில் யாராவது ஒருவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அண்ணா, தெரியுதா? இந்தாண்ட திருப்பட்டுமா? ஃபாதர் வர்றாரு பாரு, தீர்த்தம் தெளிக்கப் போறாரு." அந்தப் போனுக்குள் துபாயிலிருந்து ஒரு முகம், சிங்கப்பூரிலிருந்து ஒரு முகம், மெல்போர்னிலிருந்து ஒரு முகம். தீர்த்தம் தெளிக்கும்போது சில சமயம் போன் மேலும் பட்டுவிடும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்தப் போனுக்குள் இருப்பவர் ஏன் வரவில்லை என்று கேட்டால், லீவு இல்லை, டிக்கெட் விலை அதிகம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று பதில் வரும். ஆனால் 2020ஆம் ஆண்டில் வேறொரு பதில் வந்தது. லீவும் இருந்தது, கையில் பணமும் இருந்தது, வர வேண்டும் என்ற துடிப்பும் இருந்தது. காகிதம் விடவில்லை. இன்று அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மறையுரையில் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். திருவிவிலியத்தின் முதல் நூலிலேயே அந்த வேலை இருக்கிறது.

தொடக்கநூலின் கடைசி அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாக்கோபு எகிப்தில் இறந்துபோகிறார். மகன் யோசேப்பு அப்பாவின் முகத்தின்மேல் விழுந்து அழுகிறார். உடலைப் பதப்படுத்த 40 நாள் ஆகிறது. எகிப்தியர் 70 நாள் துக்கம் கொண்டாடுகிறார்கள். அதற்குப் பிறகு யோசேப்பு செய்கிற காரியத்தை நாம் வழக்கமாக வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். அவர் பார்வோனின் வீட்டாரிடம் போய், எனக்காக அரசரிடம் பேசுங்கள் என்று கேட்கிறார். என் அப்பா தம்மைக் கானான் நாட்டில் அடக்கம் செய்யும்படி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், நான் போய் அடக்கம் செய்துவிட்டு வருகிறேன், கட்டாயம் திரும்பி வந்துவிடுகிறேன் என்று உறுதி கூறுகிறார்.

யார் இப்படிக் கேட்பது? எகிப்து முழுவதற்கும் ஆளுநர். பார்வோனின் கணையாழி விரலில் இருக்கிறவர். எகிப்தியப் பெயர் சூட்டப்பட்டவர், எகிப்தியப் பெண்ணை மணந்தவர், பஞ்சகாலத்தில் அந்த நாட்டுக்கே சோறு போட்டவர். அப்படிப்பட்டவர், பெற்ற தகப்பனைப் புதைக்க விடுப்பு கேட்டு இன்னொருவர் வழியாக மனுப் போடுகிறார். பார்வோன் நல்ல மனிதர், சரி போய்வா என்று அனுமதி கொடுத்துவிட்டார். கொடுக்காமல் இருந்திருந்தால்?

இன்னொரு இடத்தையும் பாருங்கள். யோசேப்பின் அண்ணன்மார் தானியம் வாங்க வந்த சமயத்தில் ஒரு விருந்து நடக்கிறது. 43ஆம் அதிகாரம். எகிப்தியர் எபிரேயரோடு ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள். ஆகையால் எகிப்தியருக்குத் தனியாக, அண்ணன்மாருக்குத் தனியாக, யோசேப்புக்குத் தனியாக உணவு பரிமாறுகிறார்கள். மூன்று பந்தி. இரண்டு தேசத்துக்கும் உரிமையுள்ளவர் மூன்றாவது பந்தியில் ஒண்டியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். வெளிநாட்டில் குடியுரிமை வாங்கிய பிள்ளைகளோடு பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது பந்திதான் நினைவுக்கு வரும்.

நேயர்களே, நம் ஊர்ப் பக்கம் "அவனுக்கு ரெண்டு நாட்டுக் குடியுரிமை இருக்கு" என்று பெருமையாகச் சொல்வார்கள். சட்டப்படி அது சரியல்ல. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, இந்தியர் ஒருவர் தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. யாரும் வந்து பறிக்க வேண்டியதில்லை. அங்கே உறுதிமொழி எடுக்கும்போது இங்கே விட்டுப்போகிறது. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக ஓசிஐ என்கிற அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2005ஆம் ஆண்டு சட்டத்திருத்தத்தால் வந்த ஏற்பாடு அது. ஓசிஐ என்றால் கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்று பொருள். பெயரில் குடிமகன் என்று இருக்கிறதே தவிர, உண்மையில் அது ஆயுள்கால விசா. ஓட்டு கிடையாது. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பெற்றோர் வழியாக வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். விசா இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் அதன் பெரிய சலுகை.

அந்தப் புத்தகம் பார்ப்பதற்கு நம் பாஸ்போர்ட் போலவே இருக்கும். மேலே அசோகச் சிங்கம் பொறித்திருக்கும். எங்கள் பங்கில் ஒரு தாயார் இருந்தார். மகன் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "சிங்கம் இருக்குதே சாமி, அப்பறம் என்ன, நம்ம பிள்ளதானே" என்று என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். 2020 மார்ச் வரைக்கும் அது ஆமாம்தான்.

2020 மார்ச் 11ஆம் தேதி மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தூதரக, வேலை விசா போன்ற சிலவற்றைத் தவிர எல்லா விசாக்களும் நிறுத்தம். ஓசிஐ அட்டைக்காரர்கள் விசா இல்லாமல் வரும் வசதியும் நிறுத்தம். 13ஆம் தேதி மாலையிலிருந்து அமல். முதலில் ஏப்ரல் 15 வரைக்கும் என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். மார்ச் 22இலிருந்து பன்னாட்டுப் பயணிகள் விமானங்களே நின்றன. 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. நோய் எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. கதவை அடைத்ததைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் நாமும் அடைத்திருப்போம். ஆனால் கதவை அடைக்கும்போது வாசலில் நிற்பது விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும் அல்லவா? அந்தப் பார்வைக்குச் சில வாரம் பிடித்தது.

மே 7ஆம் தேதி வந்தே பாரத் விமானங்கள் தொடங்கின. மாலத்தீவிலிருந்து கொச்சிக்கும், ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கும் கடற்படைக் கப்பல் 'ஜலாஷ்வா' நம் மக்களை ஏற்றிக்கொண்டு வந்தது. வளைகுடாவில் வேலை போய் நின்ற நம் பகுதிப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. வேதனை எங்கே வந்தது என்றால், அமெரிக்கா போன்ற நாடுகளில் வேலை பார்த்த இந்தியத் தம்பதியருக்கு. அப்பா அம்மா இருவரும் இந்தியர்கள். குழந்தை அங்கே பிறந்ததால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட், இந்தியாவுக்கு ஓசிஐ அட்டை. அப்பா ஏறலாம், அம்மா ஏறலாம், இடுப்பில் இருக்கிற கைக்குழந்தை ஏறக்கூடாது. விமான நிலையம் வரைக்கும் வந்து திரும்பிப்போன குடும்பங்களைப் பற்றி அன்றைய செய்தித்தாள்களில் வந்தது. ஏரோதுக்குப் பயந்து யோசேப்பும் மரியாவும் எகிப்துக்கு ஓடிய இரவில் எல்லைக் காவலில் ஒருவன் நின்று, பெரியவர்கள் போகலாம், பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசித்தேன்.

இந்த முறையீடுகள் எல்லாம் சேர்ந்துதான் மே 22ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, உள்துறை அமைச்சகம் நான்கு வகையினருக்கு வழிவிட்டது. இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்து ஓசிஐ வைத்திருக்கும் சிறு பிள்ளைகள். கணவன் மனைவியில் ஒருவர் இந்தியராக இருந்து, இந்தியாவில் நிலையான வீடு உள்ளவர்கள். பெற்றோர் இந்தியாவில் வாழும் இந்தியர்களாக இருக்கிற பல்கலைக்கழக மாணவர்கள். அப்புறம், குடும்பத்தில் சாவு போன்ற அவசரத்துக்காக வர விரும்புகிற ஓசிஐ அட்டைக்காரர்கள்.

அந்தக் கடைசி வகையைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கும். காரணம் சொல்கிறேன்.

சிங்கத்தைத் தடவிப் பார்த்த தாயார் அந்த மே மாதம் படுத்த படுக்கையாகிவிட்டார். கொரோனா இல்லை, வயசும் சிறுநீரகமும். மகன் மெல்போர்னில் இருந்தார். அக்காதான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். மே 24, விண்ணேற்றப் பெருவிழா ஞாயிறு. கோயில் பூட்டியிருக்கிறது, நான் ஒண்டியாகத் திருப்பலி நிறைவேற்றிவிட்டு வெளியே வருகிறேன், மகன் கூப்பிட்டார். "ஃபாதர், அம்மா நாளைக்கோ நாளான்னைக்கோன்னு அக்கா சொல்லுது. ஓசிஐ வச்சி வர்றதுக்கு ஏதாவது வழி இருக்கா?" நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "மார்ச்சிலயே நிறுத்திட்டாங்களே தம்பி. இப்ப யாரும் வர முடியாது. நீ அங்க இருந்தே செபம் பண்ணு, இங்க நாங்க பார்த்துக்கறோம்." அவரும் சரி ஃபாதர் என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தாயார் இறந்துபோனார். அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதி அப்போது. சேலத்திலிருந்து வர வேண்டிய தம்பி குடும்பத்துக்கு இ-பாஸ் கிடைத்து வருவதற்குள் குழி வெட்டியாகிவிட்டது. அக்கா கையில் போன். நான் முகக்கவசத்துக்குள்ளிருந்து மன்றாட்டுகளை வாசித்தேன். சிக்னல் இரண்டு தடவை அறுந்தது. பெட்டி இறங்குகிற நேரத்தில் திரையில் மகனின் முகம் அசையாமல் உறைந்து நின்றது. அது சிக்னலா, அவரேவா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து வேறொரு வேலையாகப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டும்போது அந்த ஆணையைப் பார்த்தேன். 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்திருக்கிறது. நான் யாரும் வர முடியாது என்று சொன்னது ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளைக்கு முன்னால் திறந்த கதவை, இரண்டு நாள் கழித்து நான் மூடியிருந்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்தும் அந்த மாதக் கடைசியில் வந்தே பாரத் விமானங்கள் புறப்பட்டிருக்கின்றன. வந்து இறங்குகிறவர்களுக்கு 7 நாள் சொந்தச் செலவில் தனிமை முகாம் என்று இருந்தாலும், குடும்பத்தில் சாவு என்றால் வீட்டிலேயே தனிமையில் இருக்க விலக்கு உண்டு என்று மே 24ஆம் தேதி வழிகாட்டுதலே சொல்லியிருந்தது. எல்லாம் கேட்டுக் கிடைத்திருக்குமா, செவ்வாய்க்கிழமைக்குள் வந்திருப்பாரா என்றால், அநேகமாக முடியாது. முப்பதாம் நாள் பூசைக்காவது வந்திருக்கலாம். எது எப்படி ஆனாலும், தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னவன் நான். சாமியார் வாயிலிருந்து வந்தால் சரியாக இருக்கும் என்று நம்பினார் அவர்.

யோசேப்பு ஏன் தாமே நேராகப் போய்ப் பார்வோனிடம் கேட்காமல், வீட்டாரை அனுப்பினார் என்பதற்கு விளக்கவுரைகளில் பல காரணம் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் அரசர் முன் போகக்கூடாது என்ற வழக்கமாக இருக்கலாம் என்பார்கள். எனக்குத் தோன்றுவது இது: துக்கத்தில் இருக்கிறவனுக்கு ஆணை படிக்கத் தெம்பு இருக்காது. அவனுக்காக வேறு யாராவது போய்க் கேட்டு, படித்து, சரியாக வந்து சொல்ல வேண்டும். பார்வோனின் வீட்டார் அதைச் செய்தார்கள். நான் செய்யவில்லை.

அந்த மகனின் கதை அதோடு முடியவில்லை. 2020 அக்டோபர் 21ஆம் தேதி, சுற்றுலா விசாவைத் தவிர ஏறக்குறைய எல்லாரும் வரலாம் என்று இந்தியா திறந்துவிட்டது. ஓசிஐ அட்டைக்காரர்கள் அனைவருக்கும் வழி கிடைத்தது. ஆனால் இப்போது அந்தப் பக்கத்துக் கதவு. ஆஸ்திரேலியா தன் குடிமக்களே நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, போக வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 2020 மார்ச்சிலிருந்து வைத்திருந்த தடையை 2021 நவம்பர் 1 வரைக்கும் எடுக்கவில்லை. அனுமதி வாங்கி வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். நம் நாட்டில் இரண்டாம் அலை கொன்று குவித்த 2021 மே மாதம், 3ஆம் தேதியிலிருந்து 15ஆம் தேதி வரை, இந்தியாவில் இருந்துவிட்டு வருகிற தன் சொந்தக் குடிமக்களையே உள்ளே வரக்கூடாது என்றது ஆஸ்திரேலியா. மீறினால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் என்று அறிவித்தது. அப்பா அம்மா சாவுக்கு வந்தவர்கள் இங்கே மாட்டிக்கொண்டார்கள், பிள்ளைகள் அங்கே. பிறந்த நாடு ஓராண்டு, புகுந்த நாடு ஓராண்டு என்று முறை வைத்துக் கதவைச் சாத்தினால் மனிதன் எந்தத் திண்ணையில் உட்காருவான்?

இது ஏதோ படித்துப் பெரிய வேலைக்குப் போனவர்களின் சங்கடம் என்று சிலர் நினைக்கலாம். நம் உயர்மறைமாவட்டத்தின் தலைநகரான புதுச்சேரியைப் பாருங்கள். 1954இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அப்படி வைத்துக்கொண்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்குகிறவரைச் 'சொல்தா' என்பார்கள். வெள்ளை வேட்டி, சுத்தமான தமிழ், பாஸ்போர்ட் மட்டும் பிரான்சு நாட்டுடையது. அவர்களில் ஒருவர் பேத்தி திருமணத்துக்குப் பாரிஸ் போய் 2020 மார்ச்சில் அங்கே இருந்திருந்தால், தன் வீட்டுத் திண்ணைக்குத் திரும்ப அவருக்கும் அதே கதிதான். அவர் நாட்டை விட்டு எங்கும் போகவில்லை. நாடு அவர் காலடியில் மாறியது.

புனித பவுலையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எருசலேமில் அவரைக் கட்டிப்போட்டுச் சாட்டையால் அடிக்கப் போகிறார்கள். அவர் தாம் உரோமைக் குடிமகன் என்கிறார். ஆயிரத்தவர் தலைவர் ஆச்சரியப்பட்டு, நான் பெருந்தொகை கொடுத்து இந்தக் குடியுரிமையை வாங்கினேன் என்கிறார். பவுல், நான் பிறப்பிலேயே பெற்றவன் என்கிறார். திருத்தூதர் பணிகள் 22ஆம் அதிகாரம். விண்ணகமே நம் தாய்நாடு என்று பிலிப்பியருக்கு எழுதியவரும் இதே பவுல்தான். விண்ணகக் குடியுரிமை இருக்கிறதே என்று மண்ணகக் காகிதத்தை அவர் தூக்கி எறியவில்லை. உரிய நேரத்தில், உரிய அதிகாரியிடம், உரிய வார்த்தையில் எடுத்துச் சொன்னார். காகிதத்தைப் பற்றிப் பேசுவது ஆன்மிகக் குறைவு என்று நினைக்கிற பக்தர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்கட்டும்.

ஆகையால் வீட்டில் வெளிநாட்டுப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். குடியுரிமை மாறிய பிறகும் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்கிற பிள்ளையிடம், அதை முறைப்படி ஒப்படைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும். ஓசிஐ அட்டையோடு பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்ற விதி 2021 மார்ச் 26இலிருந்து இல்லை. புதுப் பாஸ்போர்ட் வாங்கும் ஒவ்வொரு தடவையும் அட்டையை மாற்ற வேண்டும் என்று பயப்பட வேண்டாம். 2021 ஏப்ரலில் அதைச் சுலபமாக்கிவிட்டார்கள். 20 வயதுக்கு முன்னால் அட்டை வாங்கியவர்கள், 20 நிறைந்தபின் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரே ஒரு தடவை மாற்றினால் போதும். 20 வயதாகும் வரை புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதெல்லாம், 50 தாண்டியபின் ஒரு தடவை, பாஸ்போர்ட் நகலும் புகைப்படமும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு 3 மாத அவகாசம் உண்டு. நிலம் எழுதிவைக்கப் போகிற பெரியவர்கள், பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன் என்பதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று என்னைப் போன்றவர்களுக்கு. பங்குத்தந்தையரே, அருள்சகோதரிகளே, வேதியர்களே, யாராவது போனில் அழுதுகொண்டு கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். அரை மணி நேரம் கொடு தம்பி, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

பன்னாட்டு விமானங்கள் வழக்கம்போல ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27. அந்த ஏப்ரலில், பெரிய வியாழன் அன்று, மெல்போர்ன் மகன் மனைவி பிள்ளையோடு ஊர் வந்து சேர்ந்தார். பாதம் கழுவும் சடங்குக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உயிர்ப்பு ஞாயிறு முடிந்து திங்கள்கிழமை காலை என்னிடம் வந்து, "ஃபாதர், அன்னைக்குப் படிச்ச செபத்த எல்லாம் இன்னொரு தடவை முழுசா படிக்கிறீங்களா? எனக்குப் பாதிதான் கேட்டுச்சு" என்றார். இறந்து இரண்டு வருடம் ஆனவருக்கு அடக்கச் சடங்கு திரும்ப நடத்துவது சட்டத்தில் இருக்கிறதா என்று நான் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. கல்லறை மந்திரிப்பதற்குத் தடையே இல்லை. போனோம்.

போகிற வழியில், மக்காச்சோளக் கொல்லை ஓரத்தில், நான் சொல்லிவிட்டேன். "தம்பி, நீ கேட்டப்ப வழி இருந்துச்சு. ரெண்டு நாளைக்கு முன்னால ஆணை வந்திருந்துச்சு. நான் பார்க்காம சொல்லிட்டேன்." இரண்டு வருடமாக உள்ளே வைத்திருந்தது. அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: "தெரியும் ஃபாதர். புதன்கிழமை நானே படிச்சேன். உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

நானும் அதற்கு மேல் பேசவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லறை சிமெண்டு பூசிக் கட்டியிருந்தது. அம்மாவினுடையது மட்டும் வெறும் மண்மேடு. மர முனையில் ஒரு சிலுவை. வசதி இல்லாத வீடு அல்ல, ஆகையால் அதுவரைக்கும் நான் அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் தப்பாகக்கூட நினைத்ததுண்டு. செபம் முடிந்ததும் அக்கா தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "நீ வந்து ஒரு கை மண்ணு போடணும்னுதான்டா கட்டாம வச்சிருக்கேன். நாலு பேரு நாலு விதமா பேசுனாங்க. பேசட்டும்னு விட்டுட்டேன்."

அவர் குனிந்து மண் அள்ளிப் போட்டார். மனைவி போட்டார். அம்மா பார்க்காமலே போன பேரப்பிள்ளை, ஆஸ்திரேலியாவில் பிறந்த நான்கு வயதுப் பிள்ளை, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டது. மறுநாள் கொத்தனார் வந்தார்.

இந்த நவம்பர் மாதத்தில் பிள்ளைகள் வந்து சேர முடியாமல் அடக்கம் செய்யப்பட்ட எல்லாத் தாய் தந்தையருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், அந்தப் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.